எந்த ஒன்பதரை?

1

போன மாதம் கம்பெனியில் எனக்கு நீண்ட சேவைப் பரிசு கொடுத்தார்கள். ஒரு சுவர்க் கடிகாரம். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், கறி பஃப் கொடுத்தார்கள். என்னோடு வேலை செய்யும் பட்டுக்கோட்டைக் காசி கடிகாரத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏண்ணே, இதுல மணி தெரியுது சரி. பகலா ராத்திரியான்னு எங்கண்ணே காட்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு கேள்வியால் இந்த வருடம் என் வாழ்க்கை ஒருமுறை நிமிர்ந்து, திரும்பவும் மடங்கிவிட்டது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைத்தான் எழுதுகிறேன். சிங்கப்பூர் என்றதும் வெளிச்சமான கட்டடங்கள்தான் உங்கள் கண்ணுக்கு வரும். அந்த வெளிச்சத்தில் விடிய விடிய விழித்திருக்கும் ஆட்களில் நானும் ஒருவன்.

சாங்கியில் விமானச் சரக்கு வந்து இறங்கும் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஒரு வாரம் காலை வேலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. பிறகு திரும்பவும் முதலிலிருந்து. எந்த நேரத்துக்கு வந்தாலும் எங்கள் கொட்டகையில் முதல் வார்த்தை "குட் மார்னிங்"தான். ஊரே அடங்கிய பிறகு வேலை தொடங்க வருகிறவனும் வருகை அட்டையைத் தேய்த்துவிட்டு அதையே சொல்லுவான். சீனர், மலாய்க்காரர், வங்காளி, தமிழர் எல்லாரும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவன் முதல் வாரம் சிரிப்பான். இரண்டாவது வாரம் அவனும் சொல்லுவான். அதற்குப் பிறகு அது வேடிக்கையாகத் தெரியாது. வேலைக்கு வந்த நேரம்தான் அவனுக்குக் காலை.

2

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. வயிறு மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. கையும் காலும் மெலிந்துகொண்டே வந்தன. ரத்த அழுத்தம் ஏறி நின்றது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டில் யாராவது கரண்டியைக் கீழே போட்டால் கத்தினேன். கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் என் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கார்ட்டிசோல் என்று ஒன்று உண்டு, அதைப் பார்த்துவிடலாம் என்றார்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி அதைச் சுரக்கிறதாம். பயம், கோபம், அவசரம் எது வந்தாலும் உடம்பைத் தூக்கி நிறுத்துவது அதுதானாம். சும்மா இருக்கும்போதும் அது ஏறியே இருந்தால் நோய்.

தாதி விமலா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்மணி. என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் எல்லாரையும் போல என்னையும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார். இரண்டு சின்னக் குழாய்களை என் கையில் கொடுத்தார்.

"சிம்பிள்தான்ணே. இந்தப் பஞ்சை வாயில போட்டு மென்னுட்டு, எச்சில் ஊறினதும் டியூப்ல போட்டு மூடிடுங்க. ரெண்டு நாள், ரெண்டு டியூப். தூங்கப் போறதுக்கு முன்னாடி எடுக்கணும்."

"தூங்குறதுக்கு முன்னாடிதானேம்மா?"

"ஆமா லா. பெட்டுக்குப் போறதுக்கு ஜஸ்ட் முன்னாடி." இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் வாலாக ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

அந்த வாரம் எனக்கு இரவு வேலை. காலையில் வீடு வந்தேன், குளித்தேன், இரண்டு இட்லி சாப்பிட்டேன், ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டேன். பஞ்சை வாயில் போட்டேன். தூங்கப் போவதற்கு முன்பு, அவர் சொன்னபடியே.

"என்னங்க மெல்லுறீங்க, வெத்தலையா?" என்று கேட்டாள் என் மனைவி தனம்.

குழாய்களைத் திருப்பிக் கொடுக்கும்போது விமலா கேட்டார்: "எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"ஒன்பதரை."

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்."

"வெரி குட். சீக்கிரமே படுத்துடுறீங்க. எங்க வீட்டுக்காரர் பன்னெண்டு மணி வரைக்கும் ஃபுட்பால் பார்க்கிறார்."

"களைப்பா இருக்கும்மா, அதான்."

"நல்ல பழக்கம்ணே. விட்டுடாதீங்க."

நான் பொய் சொல்லவில்லை. அவரும் தப்பாகக் கேட்கவில்லை. வேலை என்ன என்ற கேள்விக்கு டிரைவர் என்று சொல்லியிருந்தேன். பகலில் லாரி ஓட்டுகிறவன் என்று நினைத்திருப்பார்கள். தமிழில் ஒன்பதரை என்றால் ஒன்பதரைதான். முன்னால் காலை என்றோ இரவு என்றோ சேர்க்காவிட்டால், எந்தப் பக்கத்து ஒன்பதரை என்று அதற்கே தெரியாது.

முடிவு வந்தது. இரண்டு குழாயிலும் அளவு ஏறியிருந்தது. அந்த நேரத்தில் தாழ்ந்து கிடக்க வேண்டியது தலை தூக்கி நிற்கிறது என்றார் இளம் டாக்டர். பெயர் நீளமான ஒரு நோயாக இருக்கலாம், சுரப்பியில் கட்டிகூட இருக்கலாம் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை கனமான வண்டி ஓட்ட வேண்டாம், லேசான வேலை கொடுக்கவும் என்று கம்பெனிக்கும் எழுதினார்.

3

கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. அவருக்குக் கட்டி எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது முழு நைட்.

ராஜபாளையத்தில் பஞ்சாலை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியும். பகல், அரை நைட், முழு நைட் என்று ஆலையில் மூன்று ஷிப்டு. ஆலைச் சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வெளியே வரும். அப்பா முழு நைட் பார்க்கும் வாரத்தில் நாங்கள் பகலில் வாய் திறக்கக் கூடாது. கோலி விளையாடினால் மண்ணில் விளையாட வேண்டும், சிமெண்டில் கூடாது. சத்தம் கேட்டால் உள்ளேயிருந்து செருப்பு பறந்து வரும். அம்மா, "உடம்புச் சூடுடா, அவர் என்ன பண்ணுவார்" என்பாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து விடுவாள். மோர் கொடுப்பாள். சூடு தணிந்ததாக நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் முழு நைட் முடித்து வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்பா தூங்குகிறார் என்று சாயங்காலம் வரைக்கும் நாங்கள் சத்தம் போடாமல் இருந்தோம். தூக்கத்திலேயே போய்விட்டார், கொடுத்து வைத்த சாவு என்று ஊர் சொன்னது. அவருக்கு ஐம்பது ஆகவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு நான் ஓடிப்போனதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். கணக்கும் வரவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் சங்கு ஊதும் ஊரில் இருக்கக் கூடாது என்ற எண்ணம் இருந்தது. சூரத்தில் துணி மூட்டை சுமந்தேன். மும்பையில் ஓட்டல் வேலை, மஸ்கட்டில் கம்பி கட்டும் வேலை. எங்கேயும் கால் தரிக்கவில்லை. கடைசியில் இங்கே வந்து, இங்கேயே பிறந்த தனத்தைக் கட்டியதில் ஆங் மோ கியோவில் ஒரு வீடும் நிரந்தரவாசமும் அமைந்தன. இத்தனை கடல் தாண்டி வந்து நான் பிடித்த வேலை, சங்கு இல்லாத முழு நைட்.

4

லேசான வேலை எங்கள் கொட்டகையில் பகலில் மட்டும்தான் உண்டு. சரக்கைக் கட்டி வந்த வலைகளையும் பட்டைகளையும் பிரித்து, அறுந்ததை ஒதுக்கி, நல்லதை அடுக்கும் வேலை. வயசானவர்களும் கை ஒடிந்தவர்களும் செய்வது. காலையில் போய்ச் சாயங்காலம் வந்தேன். என் இரவு முறைகளைப் பக்கத்து ஆட்களுக்குப் பிரித்துப் போட்டார்கள். பாதி காசியின் தலையில் விழுந்தது.

"நோவு உங்களுக்கு, கண்ணு முழிக்கிறது எனக்கு. நல்லாருக்குண்ணே உங்க நியாயம்" என்றான். பிறகு அவனே, "சும்மா சொன்னேன். உடம்பைப் பாருங்க" என்று தோளைத் தட்டினான். அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

முதல் சில நாள் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தேன். அப்புறம் தூக்கம் வந்தது. எத்தனையோ வருடமாகக் கடன்காரன் போலக் கதவுக்கு வெளியே நின்ற தூக்கம், உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் யாரும் எழுப்பாமல் விழித்தேன். பசி நேரத்துக்கு வந்தது. தனம் கறுப்புத் துணியைக் கழற்றித் துவைத்து, மடித்து அலமாரியில் வைத்தாள். மேல் மாடியில் சுவரை உடைத்து வீடு புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் துளைக்கும் சத்தத்துக்காக முன்பு நான் மேலே ஏறிப் போய்ச் சண்டை போட்டு, போலீஸ் வந்து போனது. இப்போது அந்தச் சத்தம் கேட்கும் நேரத்தில் நான் வீட்டில் இல்லை. லிஃப்டில் அந்த வீட்டுச் சீனக் கிழவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் பயந்து ஒரு அடி பின்னால் போனார்.

என் மகள் நிவேதா உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளோடு நான் பேசியதெல்லாம் அதட்டல்தான். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். இரண்டுக்கும் நடுவில் தனம் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அந்த நாட்களில் நிவேதாவுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வு வந்துகொண்டிருந்தது. இங்கே பிள்ளைகள் ஒரு படக்காட்சியைப் பார்த்து, அதைப் பற்றித் தமிழில் பேசிக் காட்ட வேண்டும். வீட்டில் பேசிப் பழக ஆள் வேண்டும். சாயங்காலம் சோபாவில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வந்தாள்.

"அப்பா, 'ஷிப்ட் வேலை'க்குத் தமிழ்ல என்ன?"

"ஷிப்டு."

"ஐயோ, அது இங்லீஷ்ப்பா!"

"எங்க ஊர்ல எங்கப்பன் காலத்துலேர்ந்து ஷிப்டுதான். உங்க டீச்சரை வந்து கேக்கச் சொல்லு."

"மார்க் கட் பண்ணுவாங்க லா!"

"சரி. முறை வேலைன்னு சொல்லு."

"முறைன்னா முறைக்கிறதா? அப்ப உங்களுக்கு ரொம்ப சூட் ஆகுது."

தனம் சமையலறையில் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் நின்று என்னைப் பார்த்தார்கள். மழையில் நனைந்த பூனை வீட்டுக்குள் வந்தால் பார்ப்பார்களே, அப்படி.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். அவள் தோழிகளின் பெயர்கள் எனக்குத் தெரியவந்தன. ஒரு சாயங்காலம் மூன்று பேரும் கீழே நடந்து போய் மீ கோரெங் என்ற காரமான வறுத்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றும் இல்லாத ஒரு சாயங்காலம் எங்கள் குடும்பத்துக்கு அதுதான் முதல்முறை. சுரப்பியில் கட்டி இருக்கலாம் என்ற பயத்தோடு, நான் நன்றாக இருந்தேன்.

5

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாண வழியில் வந்த அம்மா. முதலில் ஆங்கிலம் பேசினார். என் ஆங்கிலத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்தது போல இருந்தது.

"உறங்கப் போகும் முன் எடுத்தீர்கள், சரி. ஒன்பதரை மணி என்று இருக்கிறது. வழக்கமாக அப்போதுதான் உறங்குவீர்களா?"

"நைட் வாரத்துல அப்பத்தான் டாக்டர்."

பேனா நின்றது.

"எந்த ஒன்பதரை?"

"காலையிலதான். நைட் முடிஞ்சு வந்து படுக்கிற நேரம்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அந்தப் பொருள் விடியும் முன்னரே ஏற வேண்டும். அதுதான் உங்களை எழுப்பும். பொழுது சாயச் சாய இறங்க வேண்டும். அது இறங்கினால்தான் உடம்பு ஓயும். நீங்கள் படுக்கப் போன ஒன்பதரை, உடம்பு விழித்திருக்கும் ஒன்பதரை. அப்போது அது ஏறித்தான் இருக்கும்."

"பழகிடாதா டாக்டர்? இத்தனை வருஷமா செய்யறேன்."

"நீங்கள் பழகியிருப்பீர்கள். உடம்பு வெளிச்சத்தைப் பார்க்கிறது. அது ஒரு பக்கம் திரும்பத் தொடங்கும்போது, அடுத்த வாரம் நேரத்தை மாற்றிவிடுகிறார்கள். மறுபடியும் திரும்ப வேண்டும். வருடக்கணக்கில் இப்படி இழுபட்டால் அழுத்தம் ஏறலாம், சர்க்கரை ஏறலாம், வயிறு பெருக்கலாம். கோபமும் வரலாம்."

இப்போது பகல் வேலைதானே, உண்மையான இரவில் எடுத்துக் கொடுங்கள் என்று புதிய குழாய்கள் தந்தார். எடுத்தேன். தனம் பக்கத்தில் நின்று, "ராத்திரிதான், ராத்திரிதான்" என்று சாட்சி சொன்னாள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் முகம் மலர்ந்திருந்தது. அளவு சரியாக இருந்தது. ரத்த அழுத்தம்கூட இறங்கியிருந்தது. "நல்ல செய்தி. உங்களுக்கு நோய் இல்லை" என்றார்.

தனம் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அலமாரியில் மடித்து வைத்த கறுப்புத் துணிதான் நினைவுக்கு வந்தது.

"அப்ப எனக்கு என்னதான் டாக்டர்?"

"உங்கள் வேலை."

"அதுக்கு லெட்டர் தருவீங்களா?"

அவர் என் கோப்பைத் திரும்பப் புரட்டினார். நல்லவர்தான். வேலையை நோய் என்று எழுத முடியாது, இரவு முறையைத் தவிர்ப்பது நல்லது என்று பரிந்துரை எழுதலாம் என்றார். எழுதியும் கொடுத்தார்.

6

எங்களுக்கு யார் எப்போது வேலை என்று ரோஸ்டர் போடுகிறவர் மணியம், உள்ளூர்த் தமிழர். கடிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கழற்றிவிட்டும் படித்தார்.

"அண்ணே, இதுல ரெக்கமெண்ட்னுதான் போட்டிருக்கு. கேனாட்னு, முடியாதுன்னு போடல."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? ராத்திரி வேணாம்னுதானே சொல்றாங்க."

"ஒண்ணு இல்ல லா. கேனாட்னா நான் கேக்கணும். ரெக்கமெண்ட்னா நான் பார்க்கலாம். பார்த்துட்டேன்."

"பகல்லயே இருக்கேன் சார். வலை அடுக்குறேன்."

"அது சிக் ஆனவங்களுக்கு வச்சிருக்கிற இடம்ணே. நீங்கதான் சிக் இல்லியே? பிபி நார்மல், டெஸ்ட் நார்மல். கங்கிராட்ஸ் வேற சொல்லணும். உங்களை ஒருத்தரை எடுத்தா அந்த நைட்டை யாருக்குப் போட? காசி ஏற்கெனவே கத்துறான்."

காசி கத்துவது நியாயம்தான். மணியத்துக்கும் மேலே ஒரு மணியம் இருப்பார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பகலில் தேறிய உடம்பைக் காட்டி, இது இரவுக்குத் தகுதியான உடம்பு என்று எழுதிக்கொண்டார்கள். நோய் வந்திருந்தால் அதற்குப் பெயர் இருக்கும், விடுப்பு இருக்கும், கேனாட் இருக்கும். எனக்கு வந்திருப்பதற்குப் பெயர் ரோஸ்டர். அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வார்டு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை தனம் வேண்டுதலைத் தீர்க்க லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப் போனாள். சிராங்கூன் சாலையில் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் எலுமிச்சை மாலை வாங்கி அம்மனுக்குச் சாத்தினோம். தனம் கண்ணை மூடி நன்றி சொன்னாள். நானும் கண்ணை மூடினேன். கொஞ்சமாவது நோயைக் கொடுத்திருக்கக் கூடாதா தாயே என்று அந்தச் சன்னதியில் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

7

இப்போது திரும்பவும் காலை, மதியம், இரவு என்று மூன்று முறையும். இரவு வாரத்தில் கறுப்புத் துணி ஜன்னலுக்கு வந்துவிட்டது. மேல் வீட்டுத் துளையிடும் சத்தம் ஓய்ந்து, பக்கத்து வீட்டில் ஆரம்பித்திருக்கிறது. ரத்த அழுத்தம் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது; மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். காலையில் ஒன்று என்று உறையில் அச்சடித்திருக்கிறது. எந்தக் காலை என்று இந்தத் தடவை கேட்டேன். மருந்து கொடுத்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பரிசுக் கடிகாரத்தைத் தனம் கூடத்தில் மாட்டினாள். அதன் டிக் டிக் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கத்தி, பேட்டரியைப் பிடுங்கிப் போட்டேன். அன்று நிவேதா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தேர்வுக்கு இப்போது கைப்பேசியைப் பார்த்துப் பேசிப் பழகுகிறாள். கதவுக்கு வெளியே கேட்கிறது. "முறை வேலை" என்று ஒரு இடத்தில் சரியாகச் சொன்னாள்.

போன வாரம் இரவு வேலை முடித்து வந்தபோது, கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்தது. அன்று பள்ளி தாமதமாகத் தொடங்கும் நாள்; சீருடையில் நிவேதா வெளியே வந்தாள். நான் உள்ளே ஏறினேன். பையைச் சரிசெய்தபடி ஒரு நிமிடம் நின்றாள். ஏதோ ஆங்கிலத்தில் தொடங்கி, நிறுத்தி, தமிழில் சொன்னாள்.

"அப்பா, நீங்க சிக்கா இருந்தப்பதான்பா நல்லா இருந்தீங்க."

கதவைத் திறக்கும் பொத்தானைத் தேடினேன். அதற்குள் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. மேலே போய், குளித்து, சாப்பிட்டு, துணியை இழுத்துவிட்டுப் படுத்தேன். மணி ஒன்பதரை இருக்கும்.